கயிறு எங்கே?

என் மாணவி விடுமுறையில் ஓவர்லாக் அடித்த திருப்பூர் பனியன் கம்பெனியில் 'விரயம் ஒழிப்போம்' என்று பலகை மாட்டியிருந்தார்களாம். ஜப்பான் முறை! மணிக்கு எத்தனை பீஸ் என்று அதில் ஏறும். கழிவறைக்குப் போனால் அந்த நிமிடமும் விரயம். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டதாகச் சொன்னாள்.

டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ சொன்ன ஏழு விரயங்களில் தேவைக்கு மேல் உற்பத்தி செய்வதும் ஒன்று. அது இங்கே யார் காதிலும் விழவில்லை. அந்த ஆலையில் கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம். அதற்கு முன்னோடி, 1924இல் வந்த டொயோடா தறி. நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பலகையை இறக்குமதி செய்தீர்கள், கயிறு எங்கே?

முன்னேற்றத்தை அளக்கிறீர்களா, அளந்துகொள்ளுங்கள். இந்த மாதம் எத்தனை பெண்கள் லைனை நிறுத்தினார்கள், எத்தனை பேர் நீர்க்கடுப்போடு வேலையை விட்டுப் போனார்கள் என்பதையும் அதே பலகையில் எழுதுங்கள். சாக்பீஸ் நான் தருகிறேன்.