மலை சுற்றும் கணக்கும் தண்டல் கணக்கும்

கானல் நீரைக் கண்டு தண்ணீர் என்று ஓடினவன் திரும்பி வந்து, "என் கண் ஏமாந்து போய்விட்டது" என்று சொல்ல வெட்கப்படுவதில்லை. ஆனால், "என் மனதில் சட்டென்று தோன்றினது தப்பாகிவிட்டது" என்று சொல்ல மாத்திரம் ஒருவரும் துணிவதில்லை. மனதில் பட்டதே மெய், அதிலும் முதலில் பட்டதே முழு மெய் என்கின்ற எண்ணம் நம்மில் படித்தவர், படியாதவர் எல்லோரிடமும் ஊறிப் போயிருக்கின்றது. கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே என்றால், "இதற்குக் கூடவா கணக்கு? சின்னக் குழந்தைக்குத் தெரியுமே" என்கிறார்கள். அப்படிச் சின்னக் குழந்தைக்கும் தெரியும் என்கின்ற சங்கதிகளில் சிலவற்றை எடுத்துக் கொண்டு பார்ப்போம்.

திருவண்ணாமலையைச் சுற்றி வரும் பாதை 14 கிலோமீட்டர். பவுர்ணமிதோறும் இலட்சக்கணக்கான ஜனங்கள் மலை தங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படியாக அதைச் சுற்றி நடக்கிறார்கள். மலையை ஒட்டின ஓரத்தில் சித்தர்களும் தேவர்களும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கின்றார்களாம். ஆனதினால் மனிதர்கள் பாதையின் இடது ஓரமாகவே, அதாவது வெளி ஓரமாகவே நடக்க வேண்டும் என்பது ஐதீகம். சித்தர் நடக்கிறாரா இல்லையா என்பது இப்பொழுது நமது விவகாரமல்ல. நடப்பதாகவே வைத்துக் கொள்ளுவோம். உள் ஓரத்தில் நடக்கும் சித்தருக்குச் சரியாக ஒரு மீட்டர் தள்ளி வெளிப்புறத்தில் நடக்கும் பக்தர், அடி அண்ணாமலையெல்லாம் கடந்து மலை முழுவதையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால், அவர் சித்தரைவிட எவ்வளவு தூரம் அதிகமாக நடந்திருப்பார்?

இதை யாரிடம் கேட்டாலும் அரைக் கிலோமீட்டர் என்றோ, ஒரு கிலோமீட்டர் என்றோதான் சொல்லுவார்கள். சரியான விடை ஆறே கால் மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான், 6.28 மீட்டர். இரண்டு தென்னை மரங்களுக்கு இடையில் உள்ள தூரம்கூட இல்லை. இதையாவது ஒருவிதமாக ஒப்புக் கொள்ளலாம். இனி, வீட்டுக் கொல்லையில் கிடக்கும் ஒரு ஆட்டுரலை எடுத்துக் கொள்ளுங்கள். உரலை ஒட்டி ஒரு எறும்பு சுற்றி வருகிறது. அதற்கு ஒரு மீட்டர் தள்ளி வெளியே இன்னொரு எறும்பு சுற்றி வருகிறது. வெளி எறும்பு எவ்வளவு அதிகம் நடக்கும்? அதுவும் அதே 6.28 மீட்டர்தான்! இரண்டாயிரத்து அறுநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிற மலையானாலும் சரி, ஆட்டுரலானாலும் சரி, பூமி உருண்டையே ஆனாலும் சரி, ஒரு மீட்டர் தள்ளிச் சுற்றினால் ஏற்படும் வித்தியாசம் ஒன்றேதான்.

காரணம் வெகு சுலபம். பாதை நேராகப் போகும் இடத்தில் உள்ளே நடப்பவருக்கும் வெளியே நடப்பவருக்கும் தூரம் ஒன்றே. வளைகின்ற இடத்தில்தான் வெளியே நடப்பவர் சற்று அதிகம் நடக்கிறார். மலையைச் சுற்றினாலும் உரலைச் சுற்றினாலும், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்போது உடம்பு திரும்பி இருப்பது மொத்தத்தில் ஒரே ஒரு முழுச் சுற்றுத்தான். மலைப் பாதையில் அந்தத் திருப்பம் 14 கிலோமீட்டரில் கொஞ்சங் கொஞ்சமாகப் பரவிக் கிடக்கிறது. உரலடியில் நாலே எட்டில் முடிந்துவிடுகிறது. நடுவே பாதை எதிர்ப்பக்கமாக வளைந்தால் அங்கே வெளிப்புறத்தார் குறைவாக நடந்து, கணக்கு நேராகிவிடுகிறது. ஆகவே அதிகம் நடப்பது எப்பொழுதும் ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவுதான். மலை எவ்வளவு பெரிது என்பது இந்தக் கணக்கில் வருவதே கிடையாது. ஆனால் மனமோ மலையின் பெருமையைக் கண்டு மயங்கி, விடையும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது.

மற்றொன்று. ஒருவர் மணிக்கு 4 கிலோமீட்டர் என்ற சராசரி வேகத்தில் மலை சுற்றி முடிப்பதாகப் பந்தயம் கட்டுகிறார். பாதி தூரமாகிய 7 கிலோமீட்டரை, கூட்டத்தில் அகப்பட்டுக் கொண்டு, மணிக்கு 2 கிலோமீட்டராகத்தான் கடந்தார். மீதிப் பாதியை எந்த வேகத்தில் நடந்தால் பந்தயத்தில் ஜெயிக்கலாம்? "இரண்டும் ஆறும் எட்டு, அதில் பாதி நாலு, ஆகவே ஆறு" என்று உடனே பதில் வரும். 14 கிலோமீட்டரை 4 ஆல் வகுத்தால் மூன்றரை மணி. முதல் பாதிக்கே மூன்றரை மணி ஆகிவிட்டது! இனி அவர் கருடன் மேல் ஏறிப் பறந்தாலும் பந்தயம் தோற்றதுதான்.

"இதெல்லாம் கணக்குத் தெரியாத பாமரர்கள் ஏமாறுவது, மகா மேதாவிகள் ஏமாறமாட்டார்கள்" என்று சிலர் சொல்லக் கூடும். அந்த மேதாவிகள் சங்கதியையும் பார்த்துவிடுவோம். மூன்று மண் கலயங்களைக் கவிழ்த்து, ஒன்றின் கீழ் ஒரு ரூபாயை வைக்கிறோம். வைத்தவருக்கு இடம் தெரியும். நீங்கள் ஒரு கலயத்தைத் தொடுகிறீர்கள். அவர் மற்ற இரண்டில் காலியாய் இருப்பதைத் தெரிந்தே தூக்கிக் காட்டி, "தொட்டதையே வைத்துக் கொள்ளுகிறீரா, மற்றதற்கு மாற்றிக் கொள்ளுகிறீரா?" என்று கேட்கிறார். "இருப்பது இரண்டு, பாதிக்குப் பாதி; மாற்றினால் என்ன, மாற்றாவிட்டால் என்ன?" என்றுதான் எவருக்கும் தோன்றும். 1990-ம் வருஷத்தில் அமெரிக்காவில் 'பரேட்' என்ற பத்திரிகையில் மேரிலின் வோஸ் சாவந்த் என்ற அம்மையார் இதே மாதிரியான ஒரு கேள்விக்கு, "மாற்றுவதுதான் லாபம், மாற்றுகிறவர் மூன்றுக்கு இரண்டு தடவை ஜெயிப்பார்" என்று பதில் எழுதினார். சுமார் பதினாயிரம் கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றில் ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட டாக்டர் பட்டம் பெற்றவர்கள் எழுதினவை. பெரும்பாலோர் அம்மையார் சொன்னது தவறு என்றே எழுதினார்கள். பெண்களுக்குக் கணக்கு வேறு விதமாகத் தோன்றும் போலும் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. உலகப் பிரசித்தி பெற்ற கணித நிபுணராகிய பால் ஏர்டோஷே, கம்ப்யூட்டரில் பல தடவை விளையாடிக் காட்டும்வரை இதை ஒப்புக் கொள்ளவில்லை.

அம்மையார் சொன்னதுதான் சரி. முப்பது தடவை விளையாடினால், நீங்கள் முதலில் தொட்டது ரூபாய்க் கலயமாக இருப்பது சுமார் பத்துத் தடவைதான். மற்ற இருபது தடவையும் நீங்கள் தொட்டது காலி. அந்த இருபது தடவையிலும் மற்றொரு காலிக் கலயத்தை அவரே தூக்கிக் காட்டித் தீர வேண்டும். மிஞ்சுகிற கலயத்தில் ரூபாய் இருந்தே தீரும். இவ்வளவுதான் சூட்சுமம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குவளைகளை வைத்து விளையாடிக் கண்டுகொண்டதை, பட்டம் பெற்றவர்களின் 'அந்தராத்மா' ஒப்புக் கொள்ள மறுத்தது. பிறவியிலேயே புத்தி வந்துவிட்டதாகப் பேசிக் கொள்ளுகிறவர்கள் இதைச் சற்றுக் கவனிக்கட்டும்.

நிற்க, மனம் இப்படி ஏமாறுவதால் வீட்டுக்கும் நாட்டுக்கும் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கார்த்திகை தீபத்தன்று பத்து இலட்சம் பேர் கூடுவதாக வைத்துக் கொள்ளுவோம். உண்மையில் அதற்கு மேலும் கூடுகிறார்கள். ஒரு மனிதனுக்கு இலட்சத்தில் ஒரு பங்குதான் வாய்ப்புள்ள ஒரு அதிசயம் (தொலைந்துபோன நகை அன்றைக்கே கிடைப்பது, வருஷக் கணக்காய் இருந்த வயிற்றுவலி அன்றைக்கே நிற்பது போன்றது) அந்தப் பத்து இலட்சம் பேரில் சுமார் பத்துப் பேருக்கு நடந்துவிடும். இதற்குச் சாமியும் வேண்டாம், சித்தரும் வேண்டாம். வேறு எங்கே பத்து இலட்சம் பேர் கூடினாலும் இதுதான் நடக்கும். அந்தப் பத்துப் பேரும் பத்து ஜில்லாக்களில் போய்ச் சொல்லுவார்கள். ஒன்றும் நடக்காத மற்ற ஒன்பது இலட்சத்துச் சொச்சம் பேரும் பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக் கொள்ளுவார்கள். அவர்களுடைய சாட்சியத்தை யார் எழுதி வைக்கிறார்கள்?

நான்கு பெண் குழந்தைகள் பிறந்த வீட்டில் நடப்பதோ இதைவிடக் கொடுமை. "நாலும் பெண்ணாயிற்று, அடுத்தது கட்டாயம் ஆண்தான்" என்று ஒரு பாட்டி சொல்ல, அதை ஒரு ஜோசியரும் ஒப்புக் கொள்ள, உடம்பில் இரத்தமில்லாத அந்தப் பெண்ணை ஐந்தாவது தடவையும் பிரசவத்துக்கு இழுக்கிறார்கள். முன்னே பிறந்தவை நாலு என்பது பின்னே உண்டாகும் கருவுக்கு எப்படித் தெரியும்? ஐந்தாவது தடவையும் பாதிக்குப் பாதிதான். ஜோசியருக்கு இதில் நஷ்டமே கிடையாது. நூறு வீட்டில் சொன்னால் ஐம்பது வீட்டில் பலித்துவிடும், தட்சணையும் கிடைத்துவிடும். குழந்தை ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வரும் விந்தணுவைப் பொறுத்தது என்று விஞ்ஞானம் தெளிவாகச் சொல்லியிருக்க, வசவு மாத்திரம் இன்னமும் தாய்க்கே போகிறது.

"அப்படியானால் இராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்கள் சொல்லவில்லையா? அருள் வழியாக வரும் அறிவு கிடையாதா?" என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. 1887-ல் ஈரோட்டில் பிறந்த இராமானுஜனுடைய மூளைக்கு நாம் யாருக்கும் குறையாமல் மரியாதை செய்கிறோம். ஆனால் அவர் 1913-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதின கடிதங்களில், ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதைப் பற்றிச் சொல்லியிருந்தது, சொன்ன அளவுக்கு நுட்பமாக இருக்கவில்லை, தவறாகப் போயிற்று. சரியான சூத்திரங்களைத் தாயார் சொன்னதானால் தவறான சூத்திரத்தைச் சொன்னது யார்? சரியையும் தவறையும் பிரித்தெடுத்தது கனவல்ல; ஹார்டியும் லிட்டில்வுட்டும் நிரூபணம் கேட்டுக் காகிதத்தில் வரி வரியாகப் பரிசோதித்ததுதான். அந்த ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம். இராமானுஜன் போன்றவருக்கே மனதில் தோன்றினதைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்ததென்றால், நம்முடைய தோற்றத்தை நாம் சோதிக்காமல் விடலாமா?

இனி, எல்லாவற்றையும்விட ஏழைகளுக்கு முக்கியமான கணக்குக்கு வருவோம். மலை சுற்றும் பாதையில் பூ விற்கிற ஒரு அம்மாள், பவுர்ணமி வியாபாரத்துக்கு முதல் இல்லாமல் தண்டல்காரரிடம் 10,000 ரூபாய் கேட்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அவர் வட்டியென்று முன்னதாகவே 1,500 ரூபாயைப் பிடித்துக் கொண்டு, 8,500 ரூபாய் கையில் கொடுக்கிறார். அம்மாள் தினம் 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி எவ்வளவு? "நூற்றுக்குப் பதினைந்து, இதில் என்ன கஷ்டம்?" என்று அம்மாளும் சொல்லுவார், அவருடைய புருஷனும் சொல்லுவார், பக்கத்தில் நிற்கும் பி.ஏ.வும் சொல்லுவார்.

முதலாவது, அவர் வாங்கினது 10,000 அல்ல, 8,500தான். அதற்கு 1,500 என்றால் நூற்றுக்குப் பதினேழரைக்கு மேல் ஆகிறது. இரண்டாவது, அந்த 8,500-ம் நூறு நாளும் அவர் கையில் இருக்கிறதா? மறுநாள் முதலே திரும்பிப் போக ஆரம்பித்துவிடுகிறது. ஐம்பதாவது நாளன்று 5,000 ரூபாய் தண்டல்காரர் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே நூறு நாளும் அம்மாள் கையில் சராசரியாகப் புழங்கினது 8,500-ல் ஏறக்குறையப் பாதிதான், அதாவது நாலாயிரத்துச் சில்லறை. அந்தப் பணத்துக்கு 1,500 வட்டி என்றால் நூற்றுக்கு சுமார் 35 ஆகிறது. மூன்றாவது, இது வருஷத்துக்கா? இல்லை, நூறு நாளுக்கு! வருஷத்தில் இப்படிப்பட்ட நூறு நாள் மூன்றரைக்கு மேல் இருக்கின்றது. கட்டுகிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று நாள்வாரியாகப் பிரித்து, கொஞ்சமும் கூட்டாமல் கணக்கிட்டாலும் வருஷத்துக்கு நூற்றுக்கு 120 ரூபாய்க்குக் குறையாது. பதினைந்து என்று மனம் சொன்னதற்கும் நூற்றிருபது என்று காகிதம் சொல்வதற்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில்தான் தண்டல்காரரின் மாடி வீடு நிற்கின்றது.

தண்டல், நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி ஆகியவைகளைத் தமிழ்நாட்டில் 2003-ம் வருஷத்திலேயே சட்டம் போட்டுத் தடுத்தாகிவிட்டது. ஆனால் பதினைந்து என்று நம்புகிறவர் எதற்காகப் போலீசுக்குப் போகப் போகிறார்? தமக்கு அநியாயம் நடப்பதாகவே அவருக்குத் தெரியாதே! மாதத் தவணைக்குச் சாமான் கொடுக்கிற கடைக்காரரும், குழுவுக்குக் கடன் கொடுக்கிற கம்பெனியாரும், முதலில் கொடுத்த முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போட்டு, அதைச் சின்ன எண்ணாகச் சொல்லும்போது இதே வித்தையைத்தான் செய்கிறார்கள்.

ஆகையால் வாசகசாலை வைத்து நடத்தும் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். மூன்று கலயமும் ஒரு ரூபாயும் இருந்தால் போதும். வருகிறவர்களை முப்பது தடவை விளையாட விட்டு, எத்தனை தடவை மாற்றினவர் ஜெயித்தார் என்று சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணிக் காட்டலாம். அதன் பிறகு தண்டல் கார்டு வைத்திருக்கும் தாய்மார்கள் அதைக் கொண்டு வரட்டும். கார்டின் ஓரத்தில் மூன்று எண்களை எழுதுங்கள்: கையில் வாங்கின தொகை, தினம் கட்டும் தொகை, கட்ட வேண்டிய நாட்கள். மறுநாள் பணம் வசூலிக்க வருகிறவரிடம் அந்த முதல் எண்ணின் பக்கத்தில் கையெழுத்துப் போடும்படி கேளுங்கள்.