மெழுகு பூசிய விலை
பிரிட்டனில் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 விற்பவர்களின் விளம்பரங்களைப் படிப்பது எனக்கொரு பொழுதுபோக்கு. அலாய் வீல், புது சைலன்சர் என்று செலவழித்ததையெல்லாம் விலையில் ஏற்றிவிடுகிறார்கள். வாங்க வருபவரோ கழற்றிய பழைய சக்கரங்கள் இருக்கின்றனவா என்றுதான் கேட்பார். 1989இல் வந்த இந்த இரண்டு இருக்கை வண்டிக்கு எமன், துரு. மடக்குக் கூரையின் நீர்வடிகால் அடைத்துக்கொண்டால் கதவுக்குக் கீழே, பின்சக்கரத்தை ஒட்டி அரிக்கும். அங்கே மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட் தெரிந்தால் எனக்குச் சந்தேகம்தான். எவ்வளவு மினுக்கினாலும், வண்டி எண்ணைத் தட்டினால் எத்தனை மைல், எங்கே துரு என்று ஆண்டுச் சோதனையின் முடிவை அரசு இணையதளமே சொல்லிவிடும். அதை விளம்பரத்தில் தானாகவே எழுதிவிடுகிற ஆளிடம் நான் பேரமே பேச மாட்டேன். சரி, கொஞ்சம் பேசுவேன்.