யார் சொல்லி வந்தீர்கள்?

பதினாறு ஆண்டு கற்பித்த அனுபவச் சான்றுகளோடு, உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்காணல் ஒன்றுக்கு அண்மையில் சென்றிருந்தோம். காலை ஒன்பதுக்கு வரச் சொன்னவர்கள் மாலை நாலரைக்கு அழைத்தார்கள். தொல்காப்பியம் பற்றியோ வகுப்பறை பற்றியோ வினா எழவில்லை. சொந்த ஊர் எது, யார் சொல்லி வந்தீர்கள் என்று இரண்டே வினாக்கள். விளம்பரம் பார்த்து வந்தோம் என்றோம். கோப்பு மூடப்பட்டது.

தோற்றதில் வருத்தமில்லை. எதில் தோற்றோம் என்று தெரியாததே வருத்தம்.

முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 921-இல் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியங்களுக்கு உரியோரின் தகுதிகளை வரிசையாகச் சொல்கிறது: வயது 35-க்கு மேல் 70-க்குள், சொந்த மனையில் வீடு, வரி செலுத்தும் கால்வேலி நிலம், மறையறிவு. கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் இடமில்லை. சபையோர் பார்த்திருக்க, ஒரு சிறுவன் குடத்திலிருந்து ஓலை எடுக்க வேண்டும். அவ்விதிகள் நேர்மையானவை என்று வாதிட வரவில்லை. நிலமற்ற நம்மை அவை வாயிலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். ஆயினும் விலக்கப்பட்டதன் காரணம் கோயிற்சுவரில் எழுதியிருந்தது.

நாம் கேட்பதும் அவ்வளவே. எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். முடிவோடு அவரவர் மதிப்பெண்ணையும் தெரிவியுங்கள். 'யார் சொல்லி' என்பதற்கும் மதிப்பெண் உண்டெனில், அதையும் விளம்பரத்தில் சேர்த்துவிடுங்கள். பேருந்துக் கட்டணமாவது மிஞ்சும்.