உச்சிப் படம் ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கு



நேபாளம் போய் வந்த படங்களைப் போட்ட நாளிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "சேர், பூன் ஹில் கஷ்டமா? முதல்முறை போறவங்களுக்கு லேசான மலையாம். டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தோட போகலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

எங்களுக்கும் லேசு என்றுதான் சொன்னார்கள். நாங்கள் ஐந்து ஆசிரியர்கள், எல்லோரும் கிழக்குக் கரையோரம். ஏறிப் பழக ஒரு மேடுகூட இல்லாத ஊர். ஆனாலும் எங்களில் மூன்று பேர் பாவா ஆதம் மலை ஏறியவர்கள். "அதையே ஏறிட்டோம், இது என்ன" என்ற தைரியம். கணக்குப் பார்க்காத தைரியம் அது. பாவா ஆதம் மலையின் உச்சி 2,243 மீற்றர். பூன் ஹில் போகிறவர்கள் இரவு தங்கும் கோரேபானி கிராமம் ஏறத்தாழ 2,870 மீற்றர். எங்கள் மலை முடிந்து இன்னும் 600 மீற்றர் மேலே போனால்தான் அங்கே படுக்கவே கட்டில் கிடைக்கும். பூன் ஹில் உச்சி 3,210. நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலையும் 2,524தான். அதோடு, பாவா ஆதம் மலையில் ஏறினால் இறங்கி விடுகிறோம். உயரத்தில் தூங்குவது வேறு கதை.

நாங்கள் விட்ட பிழை ஜீப்பில் தொடங்கியது. முன்பெல்லாம் கீழே பிரெதாந்திப் பக்கமிருந்து நடந்து, திக்கேதுங்காவிலோ உல்லேரியிலோ ஓர் இரவு தங்கித்தான் கோரேபானி போவார்கள். இப்போது உல்லேரி வரை ஜீப் போகிறது. பொக்காரா 800 மீற்றர் சொச்சம். காலையில் அங்கே தேநீர் குடித்துவிட்டு, ஜீப்பில் உல்லேரி, பிறகு நடை, இரவு கோரேபானி. ஒரே நாளில் 2,000 மீற்றர் உயரம்! காலுக்கு லேசாகிவிட்டது, உடம்புக்குக் கஷ்டமாகிவிட்டது. 2,500 மீற்றரைத் தாண்டினாலே சிலருக்கு உயர நோய் வரலாம். யாருக்கு வரும் என்று வயதையோ உடற்பலத்தையோ வைத்துச் சொல்ல முடியாது. தினமும் பந்து விளையாடும் இளைஞனுக்கும் வரும்.

எங்களில் வந்தது கணிதம் படிப்பிக்கும் நானாவுக்கு. இரவு "பசியில்லை" என்று சோற்றைத் தள்ளி வைத்தார். களைப்பு என்று நாங்களும் விட்டுவிட்டோம். சூரிய உதயம் பார்க்க விடியுமுன்னே இருட்டில் கிளம்பினோம். பாதி வழியில் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வழிகாட்டி கேட்ட பிறகுதான் சொன்னார், பின்னேரத்திலிருந்தே தலையிடியாம். ஏன் சொல்லவில்லை என்றால், "எல்லாரும் லேசு என்கிற மலை, நான் மட்டும் எப்படிச் சொல்றது?"

இதைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறோம். "இது லேசான கணக்கு" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் எழுதினால், விளங்காத பிள்ளை கை உயர்த்தாது. வகுப்பில் இது எங்களுக்குத் தெரியும். மலையில் எங்களுக்கே மறந்துவிட்டது. அங்கே கை உயர்த்தாமல் இருந்தால் உயிருக்கே ஆபத்து. தலையிடி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது, கூடினால் இறங்க வேண்டும். 

ஐந்து பேரும் திரும்பினோம். தவுலகிரியைப் பொன் நிறத்தில் பார்க்கவில்லை. (ஒருவருக்கு மட்டும் இன்னும் அந்தக் கவலை. பெயர் சொல்ல மாட்டோம்.) பகல் உல்லேரிக்கு வந்து சேர்ந்தபோது நானா தானாகவே சாப்பாடு கேட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

ஆகவே தயவுசெய்து "கஷ்டமா, லேசா" என்று எங்களிடமோ ஏஜென்ட்டிடமோ கேட்காதீர்கள். இந்தியாவின் கேதார்காந்தாவையும் இதே "லேசு" பட்டியலில்தான் விற்கிறார்கள். அது 3,800 மீற்றர், டிசம்பரில் பனிக்குள் கூடாரத்தில் தூக்கம். ஒரே சொல், இரண்டு வேறு மலைகள். ஒவ்வோர் இரவும் எத்தனை மீற்றரில் தூங்குவோம், நேற்றைய இரவைவிட அது எவ்வளவு கூட என்று கேளுங்கள். ஒருவருக்கு முடியாமல் போனால் எங்கே இறங்குவது, மற்றவர்கள் என்ன செய்வது என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் "ஒண்டும் பயமில்ல சேர்" என்று சிரிப்பவரிடம் காசு கட்டாதீர்கள்.

முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் ஏறுவதை விட இறங்குவதை யோசிக்க வேண்டும். உல்லேரிக்குக் கீழே மூவாயிரத்துக்கு மேல் கல்படி என்பார்கள்.

நாங்கள் மறுபடி போகிறோம், இன்ஷா அல்லாஹ். இந்த முறை உல்லேரியில் ஓர் இரவு, கோரேபானியில் இரண்டு இரவு. நானாவும் வருகிறார். இரவுச் சாப்பாட்டு நேரம் ஒவ்வொருவரிடமும் தலையிடி இருக்கிறதா என்று கேட்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்திருக்கிறோம்.