பாட்டு வேறு, பொறுப்பு வேறு

"ஆள் எப்படி இருந்தால் நமக்கென்ன? பாட்டு நன்றாக இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்போர் நம்மிடையே ஏராளம். புகழ் பெற்ற பாடகர் ஒருவர் மீது பெண்கள் புகார் சொன்னதாகச் செய்தி வந்தால் போதும், உடனே இரண்டு கட்சிகள் கிளம்பி விடுகின்றன. அவர் பாட்டை இனிக் கேட்பதே பாவம் என்பது ஒரு கட்சி. கலைஞரின் சொந்த வாழ்க்கையை நாம் ஏன் கிளற வேண்டும் என்பது மறு கட்சி.

இந்த வழக்கு நமக்குப் புதியதல்ல. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் கர்நாடக இசை உலகில் இத்தகைய புகார்கள் வரிசையாக வெளிவந்தன. சென்னை மியூசிக் அகாடமி அந்த ஆண்டு மார்கழிக் கச்சேரிகளில் இருந்து ஏழு கலைஞர்களை நீக்கியது. விசாரணையின்றி நீக்கலாமா என்று சிலர் கேட்டனர். இத்தனை காலம் ஏன் வாய் திறக்கவில்லை என்று வேறு சிலர் புகார் சொன்ன பெண்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர்.

முதல் கேள்வி நியாயமானது. புகார் என்பது தீர்ப்பாகி விடாது. புகார் சொல்லப்பட்டவருக்கும் தம் பக்கத்தை எடுத்துரைக்க உரிமை உண்டு. இரண்டாவது கேள்விக்கு விடை காண, அமெரிக்காவில் நடந்து முடிந்த ஒரு வழக்கைப் பார்ப்போம்.

ஆர். கெல்லி என்ற பாடகர் உலகப் புகழ் பெற்றவர். 1994-ல், தமக்கு 27 வயதானபோது, 15 வயதே ஆன ஒரு பாடகியை அவர் மணந்தார். பெண்ணின் வயதைக் கூட்டிக் காட்டும் அடையாளச் சீட்டுக்காக அரசு ஊழியர் ஒருவருக்கு லஞ்சம் கொடுக்கப்பட்டது பின்னாளில் நீதிமன்றத்தில் நிரூபணமாயிற்று. நடுவில் 2008-ல் வேறொரு வழக்கில் அவர் விடுதலையானார். பரிசுகளும் ரசிகர்களும் குறையவில்லை. கடைசியில் 2021-ல் நியூயார்க்கில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2022-ல் 30 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 1994-க்கும் 2021-க்கும் இடையே 27 ஆண்டுகள்! அத்தனை காலமும் பாட்டின் புகழே அவருக்குக் கவசமாக இருந்தது. அவரை நம்பிப் பிழைத்தவர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். பெண்கள் ஏன் பேசவில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

அவருடைய பாட்டுகளை எந்த நீதிமன்றமும் தடை செய்யவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பாட்டினால் அவருக்கு வர வேண்டிய பணத்தில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல், பாதிக்கப்பட்டோரின் நட்டஈட்டுக்கும் அபராதத்துக்குமாகச் செலுத்த 2023-ல் உத்தரவாயிற்று. பாட்டு பாட்டாகவே இருக்கிறது. பாடியவர் பதில் சொல்கிறார்.

ரயில்வேயில் பணியாற்றுவோருக்கு இது எளிதில் விளங்கும். முப்பது ஆண்டுகள் பழுதின்றி வண்டி ஓட்டிய டிரைவரானாலும் சிவப்பு சிக்னலைத் தாண்டினால் விசாரணை உண்டு. பழைய பணியைக் காட்டி அதிலிருந்து தப்ப முடியாது. அதற்காக, முப்பது ஆண்டுகளாக அவர் ஓட்டிய வண்டிகள் ஊர் போய்ச் சேரவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

சீடப் பெண்ணிடம் தவறாக நடப்பதைக் கலைஞரின் சொந்த வாழ்க்கை என்று ஒதுக்குவது சரியன்று. பாடம் சொல்லும் அதிகாரமும் மேடை வாங்கித் தரும் செல்வாக்குமே அங்கு ஆயுதமாகின்றன. இதை உணர்ந்துதான் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடம் என்பதில் வீட்டையும், ஊழியர் என்பதில் பயிற்சி பெறுவோரையும் சேர்த்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனம் தனக்கென ஒரு புகார்க் குழு வைத்திருக்க வேண்டும். சிறிய இடங்களுக்கு மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு. விசாரணையை 90 நாட்களில் முடிக்க வேண்டும். ஆனால் புகாரை மூன்று மாதத்திற்குள் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பல ஆண்டுகள் ஒரே குருவை அண்டியிருக்கும் மாணவிக்கு இந்தக் காலக்கெடு போதுமா என்பதை அரசு சிந்திக்க வேண்டும்.

மும்பையில் வாழும் நமக்கு இதில் தனிக் கவலை உண்டு. பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் பாட்டு வகுப்பில்தான் தமிழை வாய் நிறைய உச்சரிக்கிறார்கள். அந்தப் பெருமையில், "இனி அந்த வகுப்புக்குப் போகமாட்டேன்" என்று குழந்தை சொன்னால் சோம்பல் என்று அதட்டுகிறோம். முதலில் ஏன் என்று கேட்போம். 18 வயது நிரம்பாத பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணுக்கு இலவசமாகத் தொலைபேசி செய்து உதவி கேட்கலாம்.

நம் சபாக்களும் தமிழ்ச் சங்கங்களும் தாமாகவே ஒரு புகார்க் குழு அமைக்கலாம். அதில் பெண்களும் வெளியார் ஒருவரும் இருக்கட்டும். குழுவின் தொலைபேசி எண்ணைக் கச்சேரி அழைப்பிதழிலேயே அச்சிடலாம். கடுமையான புகார் விசாரணையில் உள்ள வரை பட்டமும் பொன்னாடையும் காத்திருக்கட்டும். குற்றமற்றவர் என்று தெரிந்தால் இரு மடங்கு மரியாதையோடு அழைப்போம்.

பழைய ஒலிநாடாக்களை எவரும் எரிக்க வேண்டியதில்லை. பிடித்த பாட்டைக் கேட்பதும் கேளாமல் விடுவதும் அவரவர் மனத்தைப் பொறுத்தது. ஆனால் பின்வரிசையில் தம்புரா மீட்டும் பெண்ணின் நிம்மதியை விலையாகக் கொடுத்து முன்வரிசையில் நாம் ரசிக்க வேண்டாம். அவள் அச்சமின்றிப் பாட வரும் மேடையே நல்ல சங்கீத மேடை.