தலைமை நீதிபதியை முடக்கும் அதிகாரம் யாருக்கு?

2022 ஆகஸ்டில் கிரிபாட்டி நாட்டின் தாராவா விமான நிலையத்தில், உயர் நீதிமன்ற நீதிபதி டேவிட் லாம்போர்னை நாடு கடத்துவதற்காக அதிகாரிகள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவரை வெளியேற்றக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் அவர்கள் நிற்கவில்லை. விருப்பமில்லாத ஒருவரை ஏற்றிச் செல்ல மாட்டேன் என்று ஃபிஜி ஏர்வேஸ் விமானி மறுத்ததால்தான் அன்று அவர் அந்த நாட்டிலேயே இருக்க முடிந்தது. நீதிமன்ற ஆணை காப்பாற்றாத நீதிபதியை ஒரு விமானி காப்பாற்ற வேண்டியிருந்தது.

பசிபிக்கில் 33 தீவுகளில் சுமார் 1.2 லட்சம் பேர் வாழும் நாடு கிரிபாட்டி. 1979இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது எழுதிய அரசமைப்பின்படி, அமைச்சரவை சொல்பவரையே அதிபர் தலைமை நீதிபதியாக நியமிக்க வேண்டும். அதற்கு முன் பொதுப்பணி ஆணையத்தைக் கலந்தாலோசித்தால் போதும். அவரைப் பதவியிலிருந்து நீக்குவதுதான் கடினம்: தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டும், நாடாளுமன்றமான மனியாபா தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஆனால், தீர்ப்பாயத்தை அமைக்கும் முடிவும் விசாரணை முடியும்வரை நீதிபதியை இடைநீக்கம் செய்யும் முடிவும் அமைச்சரவையுடையவை. நீக்க முடியாதவரை முடக்கிப்போட இது தாராளமாகப் போதும்.

அதுதான் நடந்தது. லாம்போர்ன் ஆஸ்திரேலியர், அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் டெஸ்ஸி லாம்போர்னின் கணவர். அவருடைய பதவிக்காலம் மூன்றாண்டுதான் என்றது அரசு. அப்படியில்லை என்று 2021 நவம்பரில் தீர்ப்பளித்தார் தலைமை நீதிபதி வில்லியம் ஹேஸ்டிங்ஸ். 2022 மே மாதம் லாம்போர்ன் இடைநீக்கம் செய்யப்பட்டார். அதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு ஹேஸ்டிங்ஸ் முன் வந்தபோது, ஜூன் 30 அன்று ஹேஸ்டிங்ஸும் இடைநீக்கம். நாடு கடத்தலைத் தடுத்த மேல்முறையீட்டு நீதிபதிகள் மூவரையும் செப்டம்பரில் அரசு விட்டுவைக்கவில்லை. நாட்டின் உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் நீதிபதியே இல்லாமல் போனது. வழக்கை நம்பிக் காத்திருந்த சாமானியக் குடும்பங்களுக்கு இந்தச் சண்டையில் என்ன பங்கு?

அந்த வெற்றிடத்தில், அக்டோபரில், அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த டெட்டிரோ செமிலோட்டா பொறுப்புத் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். அவரது தகுதியை நாம் கேள்வி கேட்கவில்லை. நேற்றுவரை அரசுக்காக வாதாடிய அலுவலகத்திலிருந்து வந்தவர், அரசின் மீதான வழக்குகளில் இன்று நடுவராக அமர்வது முறையல்ல என்கிறோம். இலங்கை வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. 2013 ஜனவரியில் தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்கவை நீக்கிய அரசு, அந்த நாற்காலியில் அமர்த்தியதும் முன்னாள் சட்டமா அதிபர் மொஹான் பீரிஸைத்தான்.

வெளிநாட்டு நீதிபதிகள் எத்தனை காலத்துக்கு என்று கிரிபாட்டி மக்கள் கேட்பதில் நியாயம் உண்டு. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்து நீதிபதிகளை வரவழைக்கும் வழக்கம் காலனிக் காலத்தின் மிச்சம். மண்ணின் பிள்ளைகள் அந்த இருக்கைக்கு வந்தே ஆக வேண்டும். ஆனால், இன்றைய விதிகள் நாளை அவர்களையும் இதேபோல் முடக்கும். ஒப்பந்தப் புதுப்பிப்புக்கு அரசை எதிர்பார்க்கும் நீதிபதி, உள்ளூர்க்காரராக இருந்தாலும், எழுதும் ஒவ்வொரு தீர்ப்பிலும் அமைச்சரின் முகத்தைப் பார்க்க நேரும்.

சிறிய நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு, எல்லோரும் தெரிந்தவர்கள். அதனாலேயே விதிகள் அங்கே மேலும் இறுக்கமாக இருக்க வேண்டும். நீட்டிக்க முடியாத ஒரே பதவிக்காலத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தலைமை நீதிபதியை, அமைச்சர்கள் இடம்பெறாத நீதித்துறை ஆணையம் தேர்ந்தெடுக்க வேண்டும். இவற்றைவிட அவசரமானது, இடைநீக்க அதிகாரத்தை அமைச்சரவையிடமிருந்து எடுத்து அந்த ஆணையத்திடம் ஒப்படைப்பதும், விசாரணைக்குக் கெடு வைப்பதும். இதற்கான அரசமைப்புத் திருத்தத்தை மனியாபா தாமதமின்றி எடுத்துக்கொள்ள வேண்டும்.