பலகை ஏறினால் காலியா?

மனிதனைப் பார்க்கும் முன்பே அவனுக்குப் பெயர் சூட்டிவிடுவது நமக்கெல்லாம் எளிதான பழக்கம். முடி நீண்டிருந்தால் ஒரு பெயர். கையில் பச்சை குத்தியிருந்தால் இன்னொன்று. காலடியில் நான்கு சக்கரம் பூட்டிய பலகை இருந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம், "காலி" என்று தீர்ப்பே எழுதிவிடுகிறோம். சாட்சி இல்லை, விசாரணை இல்லை. தீர்ப்பு மட்டும் உண்டு!

தில்லியில் வாழும் தமிழன் இதைச் செய்வதுதான் விந்தை. நம்மை இவ்வூர் எப்படிப் பார்க்கிறது? மதுரைக்காரரும் மங்களூர்க்காரரும் திருச்சூர்க்காரரும் இங்கே ஒரே "மதராசி". 1968-இல் வந்த "படோசன்" இந்திப் படத்தில் மெஹ்மூத் நடித்த தென்னாட்டு இசையாசிரியரைக் கண்டு வடநாடே சிரித்தது. அன்று சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள், வாடகைக்கு அறை கேட்டுப் போன என்னிடம், அதே உச்சரிப்பைப் பேசிக் காட்டினார்கள். அறையும் கிடைக்கவில்லை. முத்திரையின் சூடு அறிந்த நாமே இன்னொருவனுக்கு முத்திரை குத்தலாமா?

செய்தி இதுதான். பொங்கல் விழா பற்றிய நம் சங்கக் கூட்டத்தில், சென்னையிலிருந்து வந்திருக்கும் முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்தார். கயிறிழுத்தலும் உறியடியும் முடிந்தபின், தாமும் நண்பர்களும் கால்மணி நேரம் ஸ்கேட்போர்டு ஆடிக் காட்டலாமா என்று கேட்டார். "காலிப் பயல்களுக்குத் தமிழர் விழாவில் என்ன வேலை?" என்றது ஒரு குரல். பலர் தலையாட்டினர். மறுத்துப் பேசியவர் மூவரே. அவருள் நானும் ஒருவன். அந்த மாணவர் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இளைஞர் கூட்டத்தைக் கண்டு ஊர் மிரள்வது புதிதன்று. 1964 ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையில் "மாடு", "ராக்கர்" எனப்பட்ட இளைஞர் குழுக்கள் மோதிக்கொண்டன. ("மாடு" என்பது நம் மாடன்று, ஆங்கிலப் பெயர்!) செய்தித்தாள்கள் அதைப் பெரும் கலவரமாக ஊதிப் பெருக்கின. அச்சம் எப்படி உற்பத்தி செய்யப்படுகிறது என்பதை ஸ்டான்லி கோஹென் என்ற சமூகவியலார் 1972-இல் ஒரு நூலாகவே எழுதினார். நார்வே நாடோ, விபத்துக்கு அஞ்சி 1978-இல் சக்கரப் பலகையையே தடை செய்தது. பிள்ளைகள் விட்டார்களா? காட்டுக்குள் சாய்தளம் கட்டி ஒளிந்து ஆடினார்கள். 1989-இல் தடை நீங்கிற்று. நார்வே கவிழ்ந்துவிடவில்லை.

நான் இயற்பியல் மாணவன். எனக்கு இந்தப் பலகையில் வேறொன்று தெரிகிறது. "ஆலி" என்றொரு தாவல் உண்டு. பின்கால் பலகையின் வாலை ஓங்கி மிதிக்கிறது. வால் தரையில் மோத, முன்முனை மேலெழுகிறது. அந்தக் கணத்திலேயே முன்கால் பலகைமேல் உரசிக்கொண்டு முன்னே செல்ல, பலகை வானில் சமனாகிறது. கை தொடுவதே இல்லை! இதன் கணக்கை நான் தாளில் போட்டுவிடுவேன். காலால் போடுவது வேறு. கன்னாட் பிளேசில் ஒரு ஞாயிறு மாலை, ஒரு பையன் இதற்காக இருபது முறையாவது விழுந்து எழுந்ததைப் பார்த்தேன். ஓர் அளவீடு மூன்று முறை பிழைத்தாலே தேநீர் குடிக்கக் கிளம்பிவிடும் கூட்டம் எங்கள் ஆய்வுக்கூடக் கூட்டம்!

குறையே இல்லையா? உண்டு. இரைச்சல் உண்டு. படிக்கட்டின் விளிம்பு பெயர்கிறது. முதியவர் மீது மோதியவனும் இருப்பான். மோதியவன் மன்னிப்புக் கேட்கட்டும். கல்லைப் பெயர்த்தவன் காசு கொடுக்கட்டும். அது செய்தவனின் கணக்கு. மோட்டார் சைக்கிளில் ஒருவன் மோதினால், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவரையெல்லாம் காலி என்கிறோமா? மோதிய ஒருவன் நினைவில் நிற்கிறான். ஒதுங்கிப் போன நூறு பேரை நாம் எண்ணுவதே இல்லை. ஆய்வில் இப்படி மாதிரி எடுத்தால் பேராசிரியர் தாளைக் கிழித்துக் கையில் கொடுப்பார்.

என் பக்கம் நின்ற நண்பரொருவர் வேறு வழியில் வாதாடினார். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முதலாக இடம்பெற, மோமிஜி நிஷியா என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி தங்கம் வென்றதைச் சொன்னார். மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்து ஜன்வார் சிற்றூரில் உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்மணி 2015-இல் பலகைத் திடல் அமைத்ததைச் சொன்னார். பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம் என்பன அங்கே விதிகள். அவ்வூர் ஆஷா கோண்டு 2018-இல் சீனத்து நான்ஜிங்கில் உலகப் போட்டியிலே ஆடினார். நம் மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துச் சிறுமி கமலியைப் பற்றிய குறும்படம் 2020-இல் பிரிட்டிஷ் அகாதமிப் பரிசுக்கான பட்டியலில் இடம்பெற்றது. அந்த ஆண்டு அப்பரிசை வென்றதும் பலகைப் படமே. காபூல் சிறுமியரைப் பற்றியது.

அத்தனையும் உண்மை, கேட்க இனிக்கிறது. ஆயினும் இந்த வாதம் எனக்குப் போதவில்லை. பதக்கம் வாங்கினால்தான், ஊரைத் திருத்தினால்தான் பலகை ஏறலாமா? சும்மா, மகிழ்ச்சிக்காக ஆடுகிறவன் என்ன ஆவான்? "காலி" முத்திரையை அழித்துவிட்டு "உத்தமன்" முத்திரை குத்துகிறோம், முத்திரை போகவில்லையே! இராமானுசனும் சி. வி. இராமனும் நம்மவர், ஆகவே வீடு கொடுங்கள் என்றா தில்லியில் கேட்கிறோம்? வாடகை தருகிறோம், வீடு கொடுங்கள் என்கிறோம். அம்மாணவர் நம் சங்கத்துக்குச் சந்தா செலுத்தியவர். கால்மணி நேரம் கேட்கிறார்.

கொடுப்போம். பளிங்குப் படிக்கட்டு வேண்டாம். அரங்கத்தின் பின்னால் சிமெண்டுத் தரை காலியாகத்தான் கிடக்கிறது. (இந்தக் "காலி" வேறு!) ஆடுகிறவர்கள் தலைக்கவசம் அணியட்டும், முதலுதவிப் பெட்டி என் பொறுப்பு. சர்க்கரைப் பொங்கல் பரிமாறுமுன் முடித்துக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவருகிறேன்; வழிமொழிய ஒருவர் வேண்டும். அதற்கு முன் யாராவது அந்த மாணவரை நேரில் போய் அழைக்கவேண்டும். விடுதியில் அவர் அறை எது என்று எனக்குத் தெரியும். உடன் வர விரும்புவோர் சொல்லுங்கள்.